காதல் பட்டம் யாருக்கு?

'காதல்' (2004) படத்தில் கடைசியில் ஜெயித்தது யார் சார்?

தண்டபாணி! பெண்ணின் அப்பாவாக வந்து ஜோடியைப் பிரித்தவர், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் 'காதல்' தண்டபாணி. நண்பனாக வந்தவர்கூட 'காதல்' சுகுமார். உயிரைக் கொடுத்துக் காதலித்த பரத் மட்டும் வெறும் பரத்.

பிரமாண்ட ஷங்கரா இந்தச் சின்னப் படத்தைத் தயாரித்தார்?

அவரேதான். இயக்கினால் பாட்டுக்காக ஊருக்கே பெயின்ட் அடிப்பார்; தயாரித்தால் ஒரு மெக்கானிக் ஷெட் போதும்.

ஓடிப்போகும் ஜோடிகளுக்கு அந்தப் படத்தை வைத்து உங்கள் அட்வைஸ்?

அட்வைஸ் கிடக்கட்டும், கையில் அட்வான்ஸ் இருக்கிறதா? படத்தில் மெக்கானிக் முருகனும் ஐஸ்வர்யாவும் மதுரையிலிருந்து பஸ் ஏறிவிட்டார்கள். சென்னையில் இறங்கினால், நண்பன் இருப்பது திருவல்லிக்கேணி மேன்ஷனில். வரிசையாக ரூம், கொடியில் லுங்கி, எங்கு பார்த்தாலும் ஆண்கள். இந்த ஊரில் பேச்சிலருக்கு வீடு கிடையாது. மேன்ஷனில் ஜோடிக்கு இடம் கிடையாது. ஸ்பேனர் பிடித்த கைக்கு வேலை கிடைத்துவிடும், கதவு திறப்பதுதான் கஷ்டம். அதையும் தாண்டினார்கள். சாதியைத்தான் தாண்ட முடியவில்லை.

படத்தின் முடிவில், சிக்னலில் பைத்தியமாகத் திரியும் மனைவியின் பழைய காதலனுக்குச் சிகிச்சை பார்க்கும் கணவர்... நிஜத்தில் உண்டா?

ரயிலில் உடன் வந்தவர் சொன்ன உண்மைக் கதை என்கிறார் இயக்குநர் பாலாஜி சக்திவேல். எனக்கு வாய்க்கிற சகபயணிகள் லோயர் பெர்த்தை விட்டுத்தரச் சொல்வதோடு சரி!