மைனஸ் இரண்டு

எலும்புக்கும் மார்க் போடுவார்கள் என்று அறுபது வயதுவரை எனக்குத் தெரியாது. தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். சீட்டு வந்தது: மைனஸ் இரண்டு. கணக்குப் பரீட்சையில்கூட நான் பூஜ்யத்துக்குக் கீழே போனதில்லை.

"முப்பது வயசு ஆளோட எலும்போட ஒப்பிட்டுப் பாக்கிறோம் சார். மைனஸ் ரெண்டரையைத் தொட்டாத்தான் எலும்புப்புரை. எதுக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க" என்றார் அங்கிருந்த பெண். முப்பது வயது ஆளோடு என்னை ஒப்பிடும் வேலையை என் மனைவி வீட்டிலேயே செய்துவருகிறாள். அதற்கு முகாம் எதற்கு?

அன்று இரவே சமையலறையில் ஆட்சி மாறியது. இட்லி பதவி இழந்தது, கேழ்வரகு வந்து உட்கார்ந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நூறு மில்லி பாலில் ஏறக்குறைய 120தான். நூறு கிராம் கேழ்வரகிலோ 300க்கு மேல். இந்தக் கணக்கு இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது. களிக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நெத்திலியை முள்ளோடு மெல்கிறோம்; அதன் எலும்பு நம் கணக்கில் வரவு.

செய்தி எட்டியதும் மாமியார் ஊரிலிருந்து மஞ்சள் பையில் பிரண்டையோடு வந்து இறங்கினார். "ஒடிஞ்ச எலும்பையே ஒட்ட வைக்கும் மாப்ள!" ஆராய்ச்சிகள் இன்னும் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. மாமியாரிடம் அதை எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆய்கிற வேலை என் தலையில் விழுந்தது. இளந்தண்டாகப் பார்த்து எடுத்து, கணுவைக் கிள்ளிப் போட்டு, நாலு பட்டையிலும் நார் உரிக்க வேண்டும். நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் கை அரிக்கும். தடவிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு, எண்ணெய் தடவாத கழுத்தில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் மாமியார் பிரண்டையை நிறம் மாறும்வரை நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், புளி வைத்து அரைத்தார். கழுத்தைச் சொறிந்துகொண்டே சொல்கிறேன்: அந்தத் துவையலுக்கு ஈடு கிடையாது.

இத்தனையும் தின்றாலும், வைட்டமின் டி இல்லாவிட்டால் கால்சியத்தில் பெரும்பங்கு உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நம் ஊரில்தான் அந்த வைட்டமின் பலருக்குக் குறைவு. கூழ்வற்றலும் மோர்மிளகாயும் மொட்டைமாடியில் காயும். காவலுக்குப் போகிறவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காருவார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பதும் கணக்கில் வராது. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பத்து மணிக்கு மேல், கைகாலில் வெயில் படக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நிற்கிறேன்.

"என்ன சார், வத்தல் காயுதா?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார்.

"ஆமா சார், நான்தான்."

பக்கத்து வீட்டுக்காரர் விழுங்குகிறார் என்று நீங்களும் கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேளுங்கள். பிரண்டை ஆய ஆள் வேண்டுமென்றால் மட்டும் தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.