ஆனைக்கு எவன் அட்டவணை எழுதிக் குடுத்தான்?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. கையில அதென்ன? எந்த மாசம் என்ன திங்கோணும்னு காசு குடுத்து அட்டவணை வாங்கியிருக்கறயாமா. நெம்பச் சந்தோசம். பசிச்சா அதுவே மணியடிச்சுச் சொல்லுமா?

எங்க சத்தியமங்கலத்துக் காட்டு ஆனைக்கு எவன் எழுதிக் குடுத்தான்? மழை விழுந்து புல்லு துளுத்தா, புல்லுதான் அதுக்கு விருந்து. இளம்புல்லுல சத்து இருக்குது. போகப்போகப் புல்லு ஆள் உசரம் ஆயி, எலை சொரசொரன்னு முத்திப்போகும். அப்ப ஆனை என்ன பண்ணுங்கற? தூரோட புடுங்கும். முன்னங்காலுல பொத்துப்பொத்துன்னு அடிச்சு மண்ணை உதறும். அடித்தண்டை மட்டும் கடிச்சுக்கிட்டு எலையை வீசிப்போடும். நீ கீரை ஆயற லச்சணத்தையும் பாத்திருக்கறேன். ஆனை தேவலை.

கோடையில புல்லு வெறும் சக்கை. அப்பத் தழைக்கும் மரப்பட்டைக்கும் மாறிக்கும். ஒரு நாளைக்கு 150 கிலோ உள்ள போகுது, பாதிகூடச் செரிக்கறதில்ல. அது கலோரி எண்ணுனா விடிஞ்சுரும்.

ராமன் சுகுமார்னு ஒரு படிச்ச மனுசன், 1980கள்ல இந்தப் பக்கத்துக் காடெல்லாம் ஆனைக்குப் பொறத்தால திரிஞ்சு எழுதி வெச்சாரு. 112 வகைச் செடிகொடி திங்குதாமா. ஆனா வவுத்துக்குள்ள போறதுல நூத்துக்கு 85 பங்கு, ஒரு 25 வகைதான். ருசி பாக்கறது ஊரெல்லாம், சோறு திங்கறது சொந்த வூட்டுல. உன்ற பிரிட்ஜைத் தொறந்து பாரு, அங்கயும் அதே கதைதான்.

அதுக்காக ஆனையைச் சாமியாரா ஆக்கீராதே. ராகி நாத்தா இருக்கறப்ப வரப்புப் பக்கம் அவ்வளவா எட்டிப்பாக்காது. கதிர் வாங்கிப் பால் புடிக்கட்டும், ராத்திரியோட ராத்திரியா வந்து நிக்கும். அதுலயும் கொம்பனுங்களுக்குத்தான் துணிச்சல் சாஸ்தி. காட்டுப் புல்லைவிட ராகியில சத்து அதிகம்னு அதுக்கு எந்த டாக்டர் சொன்னான்? அதே ராகியை என்ற பேரன் டவுனுல டப்பாவுல வாங்கி, 'சூப்பர் புட்டு'ங்கறான்.

இப்பவும் கதிர் முத்தற மாசந்தான். இன்னைக்கு ராத்திரி பரணுக்குக் காவலுக்கு வாரயா? டார்ச்சு நான் எடுத்தாறேன். உன்ற அட்டவணையை நீ எடுத்துட்டு வா. வந்துதுன்னா அதுகிட்டக் காட்டிப் பாக்கலாம்.