ஏர் பூட்டினவன் சொல்றேன்

என்னா தம்பி, ஞாயித்துக்கெழம அதுவுமா ஏரி ஸ்கீம் தெருவுல காரைத் தூக்கி நிறுத்திட்டு ஸ்பேனரோட நிக்கற? பிரேக்ல ஏர் எடுக்கறியா? பலே! செல்போன்ல நாலு வீடியோ பாத்தாச்சு, இனிமே மெக்கானிக் எதுக்கு? எனக்கென்னப்பா தெரியும். நான் ஏர் பூட்டினவன், ஏர் எடுத்தவன் இல்ல. எங்க பிரேக்கு மூக்கணாங்கயிறு. இழுத்தா நிக்கும்.

அது சரி, வெறும் ஜாக்கி மேல நிக்கற வண்டிக்கடியில தலையை விடப் போறியா? தாராளமா விடு, இன்சூரன்ஸ் கட்டியிருப்ப. வீட்டுக்காரிக்கு அந்தப் பணம் வேணாம்னா, மட்டத்தரையில நிறுத்தி, கீழ இருக்கற சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுத்து, இரும்பு ஸ்டாண்டை முட்டுக்கொடு.

கையில என்னா டப்பா? போன வருஷம் தொறந்த பிரேக் ஆயிலா? சிக்கனக்காரன்யா நீ! பிரேக் ஆயிலுக்குத் தண்ணிப் பழக்கம் உண்டு, தெரியுமா? நெசத் தண்ணியத்தான் சொல்றேன். காத்துல இருக்கற ஈரத்தையே உறிஞ்சிக்கும். புது டாட் 4 ஆயிலு 230 டிகிரி வரைக்கும் தாங்கணும்னு கணக்கு. தண்ணி குடிச்சிடுச்சின்னா 155 தான். அதுக்கு மேல சூடேறுனா கொதிச்சு ஆவியாவும், பெடலு பஞ்சுமூட்டை மாதிரி அமுங்கும். அதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தச் சொல்றான். ஏரியிருந்த இடத்துல வீடு கட்டிக்கினு, தண்ணி சும்மா இருக்கும்னு நம்பறவன்தானே நீ! இன்ஜின் ஆயிலை மட்டும் பிரேக் ஆயில் டப்பாவுல ஊத்திடாத, ரப்பரெல்லாம் ஊதிப்போவும்.

ஒத்தையாளா ஆவாது, வீட்டுக்காரியைக் கூப்பிடு. நீ "அழுத்து"ன்னா அவ பெடலை அழுத்திப் புடிச்சிக்கணும். நீ சக்கரத்து பிரேக்குல இருக்கற நிப்பிளைக் கால் சுத்து தொறந்தா, அதுல மாட்டின குழாய் வழியா ஆயிலு குமிழியோட பாட்டில்ல இறங்கும். நிப்பிளை மூடின பிற்பாடுதான் "விடு" சொல்லணும். முந்தி விட்டா போன காத்து திரும்பி வந்துடும். ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்கற புருஷன் பொண்டாட்டிக்குத்தான் இந்த வேலை. உங்க வீட்டுச் சத்தம் மூணாவது தெரு வரைக்கும் கேக்குது, எதுக்கும் யோசிச்சுக்க.

பானட்டுக்குள்ள மேல இருக்கற பிரேக் ஆயில் டப்பாவுல ஆயிலு வத்தவே கூடாது, வத்துனா மறுபடி மொதல்லேருந்து. பெயிண்ட்ல சிந்துனா தோலை உரிச்சிரும், உடனே தண்ணி ஊத்து. எந்தச் சக்கரம் மொதல்லன்னு வண்டியோட புஸ்தகத்தைப் பாரு. தூரத்துச் சக்கரம் முந்தின்னு பொதுவா சொல்வாங்க. சில வண்டியில குறுக்குல மாறும். ஏபிஎஸ் வண்டின்னா உள்ள மாட்டின காத்தை எடுக்க சிலதுக்குக் கம்ப்யூட்டரே வேணும். அங்க உன் ஸ்பேனரு பாச்சா பலிக்காது.

முடிச்சதும் இன்ஜினைப் போட்டுப் பெடலை மிதிச்சுப் புடி. கல்லாட்டம் நின்னா, ஆளில்லாத தெருவுல நடை வேகத்துல ரெண்டுதரம் நிறுத்திப் பாரு. பெடலு மெல்ல மெல்ல உள்ள இறங்குச்சின்னா சாவியை வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டுக் கையைக் கழுவு.

1962ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா கம்பெனி பக்கத்து ஊரு பாடியிலதான் இருக்கு. பிரேக்கு செய்யற பேட்டையில பிரேக்கு தெரிஞ்சவனுக்கா பஞ்சம்? ஆனா வண்டியை அவன்கிட்ட ஓட்டிக்கினு போவாத, அவனை இங்க வரச் சொல்லு.