தணிகை அடிவாரத்து மந்தகதிக் கணினி: ஓர் ஆய்வுரை

ஆய்வுப் பொருள்: திருத்தணி மலையடிவாரத்தில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்ட ஒரு டிடிபி கடையின் மேசைக் கணினி. ஆய்வுச் சிக்கல்: அது ஏன் இப்படி இழுக்கிறது? ஆய்வு எல்லை: கடையின் ஷட்டர். கருதுகோள்: கடைக்காரரின் அக்கா மகன் அதில் கைவைத்ததுதான் காரணம். இக்கருதுகோளை வழங்கியவர் கடைக்காரரே (வாய்மொழி, கல்லாவில் அமர்ந்தபடி).

மரபுப்படி முதல் இயலில் ஊர்ப்பெயருக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கப் போவதில்லை. இந்த ஒரு குறைக்காகவே கட்டுரை தள்ளுபடியாகும் என்பதை அறிவேன். அடுத்ததாக, எடுத்துக்கொண்ட பொருள் நம் முன்னோருக்கு அன்றே தெரியும் என்று நிறுவ வேண்டும். கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணத்தில் ப்ராசசரின் வேகத்தை ஏற்றும் படலம் எதுவும் இல்லை. ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் முடிகிற இந்த முடிவை ‘தணிகைப் புராணத்தில் கணினிக் கூறுகள்’ என்று இருநூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு இழுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே மாலையும் சால்வையுமாக நடமாடுகிறார்கள். எனக்கு அந்தத் திறமை இல்லை. சால்வையும் இல்லை.

இனி நூற்பொருள். கடையில் இருப்பது இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600 என்னும் ப்ராசசர். 2007 ஜனவரியில் சந்தைக்கு வந்தது, நான்கு கோர், வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். சென்னை ரிச்சி தெருவிலிருந்து இரண்டாம் கையாகத் திருத்தணிக்கு எழுந்தருளியது. தாய்ப்பலகை கொடுக்கும் அடித்தாளம் 266 மெகாஹெர்ட்ஸ். ப்ராசசருக்குள் பூட்டிவைத்த பெருக்கல் எண் 9. இரண்டையும் பெருக்கினால் வருவது அதன் வேகம். பெருக்கல் எண்ணை மேலே தள்ள இன்டெல் விடவில்லை. ஆனால் அடித்தாளத்தை 333 ஆக்கினால் 9 அப்படியே இருக்க, வேகம் 3 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். காசு கொடுக்காமல் கால்பங்கு கூடுதல். இதற்குப் பெயர் ஓவர்க்ளாக்கிங்.

இத்துறையின் ஆதிநூல் 1998-இல் வந்த செலரான் 300ஏ. நாலரைப் பெருக்கல் எண்ணும் 66 மெகாஹெர்ட்ஸ் தாளமுமாக வந்த ஏழை ப்ராசசர் அது. தாளத்தை 100 ஆக்கியதும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடி, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-ஐ வெட்கப்பட வைத்தது. இரண்டு வருடம் கழித்து ஏஎம்டியின் ட்யூரான், அத்லான் ப்ராசசர்களின் பெருக்கல் பூட்டைச் சாதாரணப் பென்சிலால் திறந்தார்கள். மேலே துண்டித்துக் கிடக்கும் சிறு உலோகப் புள்ளிகளைப் பென்சிலால் கோடிட்டு இணைத்தால் போதும், கிராஃபைட் மின்சாரம் கடத்தும். பென்சிலால் ஒருவர் அடைந்த ஆகப்பெரிய வேக உயர்வு இதுவே. பேராசிரியர் பதவி உயர்வுகள் இக்கணக்கில் சேரா.

ஓவர்க்ளாக்கிங் மூவகைப்படும். பயாஸில் எண்ணை மாற்றுவது ஒன்று. ப்ராசசரின் அடியில் ஒரு புள்ளியை டேப் ஒட்டி மறைத்துத் தாய்ப்பலகையை ஏமாற்றுவது மற்றொன்று. விண்டோஸுக்குள்ளிருந்து மென்பொருளால் செய்வது மூன்றாவது. மூன்றாவதைப் பற்றி: உண்டு.

அக்கா மகன் முதல் வகையைச் சார்ந்தவன். அவன் செய்ததற்கு எழுத்துச் சான்று ஒன்றுதான் கிடைத்துள்ளது (கேபினெட்டின் உட்சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டிய துண்டுச்சீட்டு, பத்திரிகை அட்டையின் வெட்டுத்துண்டு, ஊதாப் பால்பாயிண்ட், வலப்பக்க மூலை எலி கடித்து அழிந்தது). அதில் இரண்டு வரி. முதல் வரி ‘333 x 9’. இதில் பாடபேதம் இல்லை. இரண்டாம் வரி ‘வோல்ட் 1.4 போ’ என்பதோடு நின்றுவிடுகிறது. மீதியை எலி தின்றுவிட்டது.

இங்கே அறிஞர் மூன்றாகப் பிரிகின்றனர். ‘போடு’ என்று கொள்பவர் ஒரு சாரார். இது கட்டளை, எழுதியவன் தனக்கே இட்டுக்கொண்டது. ‘போதும்’ என்பது இன்னொரு சாரார். இது எச்சரிக்கை, எழுதியவன் அதற்குமேல் ஏற்றிப் பார்த்துப் பட்டவன். ‘போச்சு’ என்று மூன்றாவது சாரார், இது இரங்கற்பா. எலியின் பற்குறி அளவை வைத்து எழுத்துக்கள் எத்தனை அழிந்திருக்கும் என்று கணக்கிட்டால் மூன்று பாடமும் அந்த இடத்தில் அடங்குகின்றன. எழுதியவனையே கேட்டால் தீருமே என்று கேட்கக்கூடும். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். ஆனால் ஆசிரியர் உயிரோடிருக்கும்போது அவரைக் கேட்டுப் பொருள் எழுதுவது ஆய்வு மரபில் இல்லை. கேட்டால் அடுத்த கட்டுரைக்கு வழியில்லாமல் போகும்.

எந்தப் பாடமானாலும் பௌதிகம் ஒன்றே. ப்ராசசர் உமிழும் வெப்பம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். 2.4-ஐ 3 ஆக்கினால் ஒன்றேகால் மடங்கு. 1.25 வோல்ட்டை 1.4 ஆக்கினால் அதன் வர்க்கத்தில் இன்னொரு ஒன்றேகால் மடங்கு. பெருக்கினால் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. கூடுதல் வேகம் கால்பங்கு, கூடுதல் சூடு அரைப்பங்குக்கும் மேல்.

இந்தச் சூட்டை வெளியேற்ற ப்ராசசரின் தலையில் ஹீட்சிங்க், அதன்மேல் ஃபேன். ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்பும் உண்மையில் மேடும் பள்ளமுமானவை. பள்ளத்தில் நிற்கும் காற்று சூட்டைக் கடத்தாது. அந்தக் காற்றை வெளியே தள்ளுவதே பேஸ்ட்டின் வேலை. அதை எப்படி இடுவது என்பதில்தான் உலகம் பிளந்து கிடக்கிறது.

பொட்டு மரபினர் நடுவில் பட்டாணி அளவு ஒரு துளி வைத்து அழுத்துவர். கோட்டு மரபினர் நெடுக்கில் ஒரே கோடு இழுப்பர். பெருக்கல் மரபினர் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு கோடு போடுவர். பட்டை மரபினர் பழைய ஏடிஎம் கார்டால் முழுப் பரப்பிலும் வழித்துப் பூசுவர். பொட்டுக்காரர் பட்டைக்காரரைப் பார்த்து, பூசும்போதே உள்ளே காற்றுக் குமிழி அடைபடும் என்பர். பட்டைக்காரர், உன் பொட்டு மூலைக்கு எட்டுமா என்பர். கோட்டுக்காரர் தங்களுக்குள்ளேயே கோடு கிழக்கு மேற்கா, வடக்கு தெற்கா என்று இரண்டு உட்பிரிவானார்கள். கியூ6600-இன் மூடிக்கு அடியில் இரண்டு இரட்டைச் சில்லுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கோடு இரண்டையும் தொட வேண்டும் என்பது ஒரு தரப்பின் வாதம். வடகலை தென்கலைத் தகராறு நீதிமன்றப் படியேறிய காஞ்சிபுரம் இங்கிருந்து தூரமில்லை. ஆகவே இதில் நடுவர் வேலை பார்க்க நான் தயாரில்லை.

இந்த நான்கோடு திருத்தணியில் மட்டும் ஐந்தாவது மரபு ஒன்று தோன்றியது. ஒருநாள் பேஸ்ட் டியூப் தீர்ந்துவிட, கடைக்காரர் அக்கா மகனைப் பார்த்து, “மலையில இருந்து வந்த சந்தனம் இருக்குதேடா, அதை வெச்சா என்ன?” என்றார். நகைக்கத்தக்கதன்று. மலைமேல் அரைக்கும் சந்தனத்துக்கு இந்திரன் சீதனமாகக் கொடுத்த கல் என்று தலபுராணம் சொல்லும். சூரனோடு பொருத கோபம் தணிந்து முருகன் அமர்ந்த மலை என்பதால், கந்தசஷ்டியில் மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே மலர்களைக் கொட்டிப் புஷ்பாஞ்சலிதான் செய்வார்கள். கடவுளின் சூட்டையே தணித்த ஊரில் 95 வாட் ப்ராசசரின் சூட்டைத் தணிக்க வெளியூர்ச் சரக்கை நம்புவானேன் என்பது சந்தன மரபின் வலுவான வாதம் (வாய்மொழி, கடை வாசலில் பூ விற்கும் அம்மா, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் நெரிசலில் முழம் போட்டபடியே, மூன்றாவது முழத்தில் ஆதரித்தார், நான்காவது முழத்தில் “சாமி சந்தனத்தை மெஷினுக்கா வெப்பீங்க?” என்று மறுத்தார், இவ்வுரையில் மூன்றாம் முழப் பதிப்பே பின்பற்றப்படுகிறது). பூசிய புதிதில் ஈரச் சந்தனம் காற்றைத் தள்ளிச் சூட்டைக் கடத்தவே செய்யும். ஈரம் காய்ந்தால் மிஞ்சுவது மரத்தூள். மரத்தூள் சூட்டைக் கடத்தாது, காப்பாற்றும். அக்கா மகன் மறுத்துவிட்டான். மணம் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து மரபின் சண்டையையும் தீர்த்துவைத்தது ஒரு பிளாஸ்டிக் முளை. இவ்வகை ஹீட்சிங்கை நான்கு மூலையில் நான்கு முளைகளை அழுத்தித் தாய்ப்பலகையில் மாட்டுவர். திறந்து பார்த்ததில் ஒரு முளை மாட்டவேயில்லை. ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பேஸ்ட் காய்ந்து பொடியாகிக் கிடக்கிறது. பொட்டா பட்டையா என்று அந்தப் பொடியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு தரப்பினரும் அதைத் தம்முடைய கொள்கைக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் தமிழக ஊர்களின் பட்டியலில் திருத்தணி தவறாமல் இருக்கும். ஹீட்சிங்க் எதுவானாலும் ப்ராசசரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்காது. அக்னி நட்சத்திரத்தில் காற்று ஏறுகிற அளவு அதுவும் ஏறும். ஆபத்து நெருங்கினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளப் பெருக்கல் எண்ணை 9-லிருந்து 6-க்கு இறக்கும். அக்கா மகன் பெருமையாகச் சேமித்து வைத்திருந்த ஒரு மே மாத ஸ்கிரீன்ஷாட் இதற்கு முதன்மைச் சான்று: 333 x 6, அதாவது 2 கிகாஹெர்ட்ஸ். வேலையில்லாமல் ஓய்வெடுக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. அதே படத்தில் டாஸ்க் மேனேஜர் 100 சதவீதம் என்கிறது. 2.4-இல் ஓடப் பிறந்ததை 3-க்கு ஏற்றியதன் பலனாக அது 2-இல் ஓடியது.

வெயில் தணிந்த நாட்களில் அக்கா மகனின் வாதம் இது: “மாமா, மூணு கிகா ஓடுது.” கடைக்காரரின் மறுப்புரை: “ஓடுதாடா? பேஜ்மேக்கர் திறக்கறதுக்குள்ள நான் 365 படியும் ஏறி எறங்கி, பிரசாதமும் வாங்கிட்டு வந்துடுவேன்.” இருவரும் மெய்யே சொன்னார்கள் என்பதுதான் இவ்வாய்வின் இடர்ப்பாடு.

காரணம் வேறிடத்தில் இருந்தது. கடையின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, விநாடிக்கு 120. வேண்டிய தகவல் ஊசியின் கீழ் வந்துசேர சராசரியாக அரைச் சுற்று, ஏறத்தாழ 4 மில்லிவிநாடி. ஊசி நகரும் நேரம் தனி. அந்த அரைச் சுற்றுக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர் சுமார் 1 கோடி துடிப்பு துடித்துக் காத்திருக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 1 கோடியே 25 லட்சம் துடிப்பு காத்திருக்கும். ஓவர்க்ளாக்கிங்கால் கடைக்குக் கிடைத்த நிகர லாபம் 25 லட்சம் துடிப்புக் கூடுதல் காத்திருப்பு. ஆடிக் கிருத்திகையன்று சன்னிதியில் குருக்கள் எத்தனை விரைவாகத் தீபாராதனை காட்டினாலும் படிக்கட்டில் நெருக்கியடிக்கும் காவடிகள் நகர்கிற வேகத்தில்தான் தரிசனம் நடக்கும். ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால் மிச்சப் பகுதி மொத்தத்துக்கு வரம்பு கட்டும் என்பதை 1967-இலேயே ஜீன் ஆம்டால் சூத்திரத்துக்கு வழிசெய்து வைத்துவிட்டார். அக்கா மகனுக்கு யாரும் சொல்லவில்லை.

ரேம் 2 ஜிபி. அது நிரம்பினால் விண்டோஸ் வழிவதையெல்லாம் அதே டிஸ்கில் கொண்டுபோய்க் கொட்டும். எழுத்துருக்களோ நூற்றுக்கணக்கில். 1960 ஏப்ரல் 1 அன்று இந்த ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது, ம.பொ.சி.யின் போராட்டம் எல்லைக்கோட்டை நகர்த்தியதே தவிர சம்பந்திகளை நகர்த்தவில்லை. பெண் வீட்டுக்குத் தமிழிலும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெலுங்கிலும் பத்திரிகை அடிக்கிற கடையில் இரண்டு மொழிக்கும் அலங்கார எழுத்துரு வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பேஜ்மேக்கர் அத்தனையையும் எண்ணிப் பார்க்கிறது.

இறுதிக் கண்டுபிடிப்பு தற்செயலானது. இரவு ஷட்டரை இறக்கும்போது மெயின் சுவிட்சையும் அணைப்பது கடைக்காரரின் வழக்கம். தாய்ப்பலகையில் சிஆர்2032 என்னும் 3 வோல்ட் நாணய பேட்டரி என்றோ செத்துவிட்டது. மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை என்றானதும் தாய்ப்பலகை தினமும் எல்லாவற்றையும் மறந்து, தான் பிறந்த வருடத்துக்குப் போய்விடுகிறது. காலையில் திரை எதையோ ஆங்கிலத்தில் கேட்கும். கடைக்காரர் படிக்காமல் எஃப்1 அழுத்துவார். கடிகாரம் பின்தங்கியதால் அரசு இணையதளங்களின் சான்றிதழ் செல்லாமல் போகும். அதற்கு அவர், “நெட்டு ஸ்லோ” என்று பெயர் வைத்திருந்தார்.

மறந்தவற்றில் 333-உம் ஒன்று. கேபினெட்டில் ‘3.0’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய அந்த ப்ராசசர் பல மாதமாகத் தன் 2.4-இல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. வித்தியாசத்தை ஒருவரும் உணரவில்லை. உணர்ந்த ஒரே ஒருவர், “இப்ப கொஞ்சம் பரவால்ல” என்றார். அதை அக்கா மகன் தன் சாதனையில் வரவு வைத்துக்கொண்டான்.

இதனால் வரலாற்றுத் துறைக்கு ஒரு தொல்லை உண்டு. அந்தக் கணினியில் சேமித்த பத்திரிகைகளெல்லாம் ஒரே பழைய வருடத்து ஒரே தேதியைத் தாங்கியிருக்கின்றன. நாளை ஒரு முனைவர் இவற்றைக் கண்டெடுத்து, திருத்தணியில் ஒரே நாளில் இத்தனை திருமணங்கள் நடந்ததற்குக் காரணம் சாளுக்கியப் படையெடுப்பா, பொருளாதார மாற்றமா என்று எழுதுவார். இன்னொருவர் மறுப்பார். எஃப்1 என்ற பொத்தான் எவர் அடிக்குறிப்பிலும் வராது.

பேட்டரி மாற்றி, முளையை அழுத்தி, புதுப் பேஸ்ட் இட்டு (பொட்டு), ரேமை 4 ஜிபி ஆக்கி, டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டி, தேவையில்லாத எழுத்துருக்களை நீக்கி, வேகத்தை 2.4-இலேயே விட்டதும் பேஜ்மேக்கர் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போடுமுன் திறந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர். வாய்மொழித் தேர்வில்லாமல் எதையும் முடிக்க முடியாது. தேர்வாளராகக் கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: “மொத்தம் எவ்வளவு ஆச்சு?” எந்த வாய்மொழித் தேர்விலும் இவ்வளவு பொருத்தமான கேள்வியை நான் கேட்டதில்லை. புறத்தேர்வாளரான அக்கா மகன் எஸ்எஸ்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதை ஓவர்க்ளாக் பண்ண முடியுமா?” என்றான்.

கடைக்காரர் அவனை டீ வாங்கிவர அனுப்பினார்.