ஆம்ஸ்டர்டாமும் பின்வளவும்

மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறவனுக்குப் போட்டியாளர் யார்? என் கணக்கில், பின்வளவுக்காரர். கனடாவில் இருக்கும் மகன் சந்தா கட்டித் தந்த தேடல் தரவரிசை மென்பொருளின் கணக்கில், புக்கிங் டொட் கொம். நாங்கள் எந்தச் சொற்களுக்குக் கூகிளில் வர ஆசைப்படுகிறோமோ, அதே சொற்களுக்கு மேலே குந்தியிருப்பவர்களைத்தான் அது போட்டியாளராக முன்மொழியும். ஆகவே 1996இல் நெதர்லாந்தில் தொடங்கிய கம்பனியும், காங்கேசன்துறை ஒழுங்கையொன்றின் கடைசியில் நிற்கும் எங்கள் வீடும் ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகள். அவர்களுடையது ஓடியது. எங்களுடையது படுத்திருந்தது.

தென்படும் வீதம் என்று ஒன்று காட்டும். முதலாம் இடத்துக்கு அள்ளிக் கொடுத்து, பத்தாம் இடத்துக்கு நுள்ளிக் கொடுத்து, அதற்கப்பால் கையை விரித்து எடுக்கிற சராசரி. எங்களுக்கு 0.3. எங்களூர் வெளிச்சவீட்டை 1893இல் கட்டியவர்கள் எந்தச் சந்தாவும் இல்லாமல் கடலில் போகிறவனுக்குத் தென்பட வைத்தார்கள்.

"அப்பா, செற்றிங்ஸுக்குள்ள போய் ஆரோட ஒப்பிடுறது எண்டதை மாத்தலாம்" என்றான் மகன்.

யாழ்ப்பாணத்தானுக்குக் கதியால் அரக்கச் சொல்லித்தர வேணுமோ? 1990இல் இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி விடுபட்டுத் திரும்பியபோது, அரக்குவதற்கு வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. நில அளவையாளர் வந்து அளந்த பிறகுதான் எந்தப் பற்றை யாருடையது என்றே தெரிந்தது. அந்த ஏக்கத்தைத் திரையில் தீர்த்துக்கொண்டேன். முதலில் ஆம்ஸ்டர்டாம் கம்பனியை நீக்கினேன். பிறகு கொழும்பு முகவர்களை. கடற்கரையில் படையினர் நடத்தும் ஹோட்டலை நீக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நடுங்கியது. யன்னலைச் சாத்திவிட்டு நீக்கினேன்.

மிஞ்சியவர் பின்வளவுக்காரர். அவருக்கு 0.2. பட்டியலில் உள்ளவர்களுக்கிடையே பங்கு பிரிக்கும் வட்டத்தில் பாதிக்கு மேல் இப்போது எங்கள் நிறம்! தென்படும் வீதம் மாத்திரம் அதே 0.3. அது நாங்கள் நிற்கிற இடத்தைப் பார்க்கிற கணக்கு. எத்தனை பேரை வெட்டினாலும் அசையாது.

வட்டத்தை மனைவிக்குக் காட்டினேன். "வடிவாத்தான் இருக்கு. இஞ்சேருங்கோ, அறைக்கு ஆரும் வருகினமோ?" என்றாள். பெண்களுக்கு வரைபடம் விளங்காது என்று சொல்ல நினைத்தேன். இராச்சாப்பாடு மிச்சம் இருந்ததால் சொல்லவில்லை.

ஆனால் கேள்வி குடைந்தது. தேடுகிறவன் நிற்கும் ஊரையும், அவன் கையிலுள்ள கருவியையும் பொறுத்துக் கூகிளின் முடிவு மாறும். மென்பொருளிலோ இடம் கொழும்பு, கருவி மேசைக் கணினி. கொழும்பிலிருந்து ரயில் 2015 ஜனவரியில் திரும்பவும் காங்கேசன்துறைவரை வந்தது உண்மைதான். ஆனால் அதில் வருகிறவருக்கு ஊரில் ஒரு மச்சானாவது இருப்பார், அறை தேடமாட்டார். தேடுகிறவர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வருகிறவர். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலை நம்பித்தான் மேலறைக்குப் பெயின்ற் அடித்தோம். இடத்தை நாகப்பட்டினம் என்றும் கருவியைக் கைபேசி என்றும் மாற்றினேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறோம்.

ஆகவே, நாகப்பட்டினத்தில் கப்பலேறும் அன்பர்களே, தேடும்போது இரண்டாம் பக்கத்தையும் ஒருக்கால் தட்டிப் பாருங்கள். கீழேயிருந்து மூன்றாவது நாங்கள். பின்வளவுக்காரர் மூன்றாம் பக்கத்தில். அவ்வளவு தூரம் நீங்கள் போகத் தேவையில்லை.