ஏ டிரைவ் முனகுகிறது: ஃப்ளாப்பி வைத்தியர் பதில்கள்

1998-ல் சேமித்து வைத்த ஃப்ளாப்பியைப் போட்டால், ‘இந்த வட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கிறது. சரி சொல்லிவிடலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

வேண்டாம் சார், வேண்டவே வேண்டாம்! மயங்கி விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கும் முன்பே சங்கு ஊதுகிற ஆள் விண்டோஸ். வட்டின் முதல் செக்டாரைப் படித்துத்தான் இது எந்த வகை வட்டு என்று அது தெரிந்துகொள்கிறது. அந்த 512 பைட் சரியாகப் படிக்கவில்லை என்றால், மிச்சமிருக்கும் 2,879 செக்டார்களும் பத்திரமாக இருந்தாலும் ‘ஒன்றுமே இல்லை’ என்று கையை விரித்துவிடும்.

முதலில் ஃப்ளாப்பியின் மூலையில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளை நகர்த்துங்கள். ஓட்டை தெரிந்தால் எழுத முடியாது, மூடியிருந்தால் எழுதலாம். (பழைய ஐந்தேகால் இன்ச் ஃப்ளாப்பியில் நேர் எதிர்: ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பூட்டு. எவன் யோசித்தானோ!) பிறகு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். பத்துக்கு ஆறு தடவை குற்றவாளி டிரைவாக இருக்கும். என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி இல்லை. படித்துவிட்டால் கோப்பு கோப்பாக இழுக்காமல் முழு வட்டையும் ஒரே நகலாக எடுத்து, நகலில் வேலை பாருங்கள். லினக்ஸ் தெரிந்த பேரன் இருந்தால் ‘டிடிரெஸ்க்யூ’ என்று சொல்லுங்கள். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்துக்கு அப்புறம் திரும்பி வரும் கெட்டிக்காரன் அது.

என் ஃப்ளாப்பிகள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் நன்றாகத் திறக்கின்றன. மகன் வாங்கிவந்த வேறு டிரைவில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பழையதைக் காயலான் கடையில் போடலாம் என்கிறான்.
– கும்பகோணம்

மகனைத் தடுத்து நிறுத்துங்கள்! மூன்றரை இன்ச் வட்டில் ஓர் அங்குல அகலத்துக்கு 135 தடங்கள் என்ற நெருக்கம். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஹெட் வந்து நிற்க வேண்டும். வருடக்கணக்கில் உழைத்த டிரைவில் ஹெட் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். தள்ளியே எழுதும், தள்ளியே படிக்கும். அதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். தானே எழுதி, தானே படித்து, தானே ‘ஆஹா’ போடுகிற கவிஞர்களை நாம் பார்த்ததில்லையா?

இப்போது உங்கள் வட்டுகளுக்கு இருக்கும் ஒரே சாவி அந்தக் கோணல் டிரைவ்தான். அதிலேயே எல்லாவற்றையும் நகல் எடுங்கள். அதுவரை ரிப்பேருக்கும் கொடுக்காதீர்கள். மெக்கானிக் ஹெட்டை நேராக்கிவிட்டால், அது எழுதிய பழைய வட்டுகள் அத்தனையும் அதற்கே புரியாமல் போகும்.

கேபிளை மாட்டினேன். அதிலிருந்து டிரைவின் விளக்கு அணையவே இல்லை.
– மதுரை

கேபிளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு ஒன்றாம் எண் பின் பக்கம் வர வேண்டும். ‘எதற்கும் பார்ப்போம்’ என்று அந்த நிலையில் நல்ல ஃப்ளாப்பியை உள்ளே தள்ளாதீர்கள், அழிந்துபோகலாம்.

முதல் ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டேன். டி.ஐ.ஆர். அடித்தால் முதல் ஃப்ளாப்பியின் பட்டியலே வருகிறது. அன்றைக்கு அமாவாசை வேறு.
– காரைக்குடி

பேய்தான். ஆங்கிலத்திலும் இதற்குப் பேய்ப் பட்டியல் என்றுதான் பேர். ஆனால் அது குடியிருப்பது புளியமரத்தில் இல்லை, கேபிளின் 34-வது பின்னில். ‘வட்டை மாற்றிவிட்டார்கள்’ என்று டிரைவ் கணினிக்குச் சொல்வது அந்த வழியாகத்தான். கம்பி அறுந்தாலோ, டிரைவின் ஜம்பர் இடம் மாறியிருந்தாலோ சேதி போய்ச் சேராது. வேறு வகைக் கணினியிலிருந்து கழற்றிய டிரைவ் என்றால், அதே பின்னில் வேறு சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். கணினியோ மனப்பாடமாக இருக்கும் பழைய பட்டியலையே ஒப்பிக்கும்.

வேடிக்கை அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. அந்த நேரத்தில் எதையாவது சேமித்தால், முதல் வட்டின் இட ஒதுக்கீட்டு அட்டவணையை இரண்டாவது வட்டின் தலையில் எழுதிவிடும். ஒரு கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துப் பக்கத்து மண்டபத்து மொய்யை எழுதின கதைதான். இரண்டு வீட்டுக் கணக்கும் தேறாது. கேபிளை மாற்றும்வரை படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு வட்டுக்கும் கணினியை அணைத்துப் போடுங்கள்.

வட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருக்கின்றன. துடைத்தால் போதுமா?
– நாகர்கோவில்

பூஞ்சணம். நம் ஊர் ஈரத்துக்கு ஊறுகாயிலும் வரும், ஃப்ளாப்பியிலும் வரும். ஒரு ஐப்பசி அடைமழையில், பெட்டியில் கிடந்த ஃப்ளாப்பியைப் பார்க்காமலே டிரைவில் தள்ளினேன். ‘கீச்’ என்று ஒரு சத்தம். சிலேட்டில் ஆணியால் கிழித்த மாதிரி. பயந்து வெளியே எடுத்து, டிரைவ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு நல்ல ஃப்ளாப்பியைப் போட்டேன். அதுவும் ‘கீச்’. சந்தேகம் தீராமல் மூன்றாவதையும் போட்ட புத்திசாலி நான். ஹெட்டில் ஒட்டிய பூஞ்சணமும் துகளும் மூன்றையும் வட்டவட்டமாகச் சுரண்டிவிட்டன.

நீங்களாவது முதலில் பாருங்கள். உலோக மூடியை ஒரு விரலால் விலக்கி, பின்பக்க நடுத்தகட்டை மறுகையால் மெல்லச் சுற்றி, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் கவனியுங்கள். புள்ளி இருந்தால் டிரைவ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்து வட்டைத் தனியாக எடுத்து, வாலைவடிநீரில் துளி சோப்புக் கரைசல் விட்டு மெதுவாக அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி, வேண்டாத ஃப்ளாப்பி ஒன்றின் சுத்தமான கூட்டுக்குள் வைத்துப் படியுங்கள். ஹெட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். மேல் ஹெட்டைத் தூக்கிப் பார்க்கும் ஆசை வரும். அதன் மெல்லிய ஸ்பிரிங் வளைந்தால் டிரைவ் போச்சு.

1.44 எம்.பி. என்கிறார்கள். எந்தக் கணக்கில் பெருக்கினாலும் வரவில்லையே?
– கணக்கு வாத்தியார், நாமக்கல்

உங்களிடம் தப்பில்லை. இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட்: மொத்தம் 14,74,560. இது 1,440 கே.பி. அதை 1,024-ஆல் வகுத்தால் 1.41 எம்.பி. வரும், மொத்த பைட்டைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47. அவர்களோ 1,440-ஐ ஆயிரத்தால் வகுத்து 1.44 என்று எழுதிவிட்டார்கள். இரண்டு சம்பந்திக்கும் பொதுவாகச் சமைத்து, இருவருமே சாப்பிடாத சாம்பார்.

720 கே.பி. ஃப்ளாப்பியில் அந்தக் காலத்தில் சூட்டுக்கோலால் இன்னொரு ஓட்டை போட்டு 1.44 ஆக்கினோம். இப்போது படிக்க மறுக்கிறது.
– கோயம்புத்தூர்

பேராசைக்கு வட்டி வசூலாகிறது! 720-க்கான காந்தப்பூச்சு வேறு. நெருக்கி எழுதினால் நாளாக ஆக மங்கும். ஓட்டையை மூடாதீர்கள், 1.44 ஆக எழுதியதை 1.44 ஆகத்தான் படிக்க வேண்டும். வேறு வேறு டிரைவில் திரும்பத் திரும்பப் போட்டு, கிடைத்ததைப் பொறுக்குங்கள்.

தம்பி கனடாவில இருந்து வீட்டுக்கு அனுப்பின ஃப்ளாப்பி ஒருமாதிரித் திறந்திட்டுது. ஆனால் கடிதம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தாய்க் கிடக்குது. முதல் வரியில எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். வைரஸோ?
– யாழ்ப்பாணம்

வைரஸ் இல்லை, வட்டும் பழுதில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் பல இருந்தன. உங்கள் பக்கத்தில் பாமினிதான் அதிகம். கோப்பில் இருப்பது தம்பி எந்தச் சாவிகளைத் தட்டினார் என்பது மட்டுமே, எழுத்துரு கூட வரவில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் செயலி ஒன்றில் கடிதத்தை ஒட்டுங்கள், முழுசும் தமிழாகும். முதல் வரிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ‘அம்மா’.