நூறு ரூபாய் நீதி

கண்டியில் யானையாகப் பிறக்க வேண்டும். பெரஹராவில் புனிதப் பேழை சுமந்த ராஜா என்ற யானை 1988இல் இறந்தபோது உடலைப் பாடம்பண்ணி, தலதா மாளிகை வளவிலேயே தனி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

முயலுக்குக் கிடைப்பது, பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிய கம்பிக்கூடு. கொஞ்ச நாள் படம் எடுப்பார்கள். பிறகு கூடு பின்வளவுக்குப் போய்விடும். தரையும் கம்பிதான், பின்னங்கால் பாதம் புண்ணாகிறது. புல்லுக்குப் பதில் பாணும் கரட்டும், அதனால் தேய வழியில்லாத பல் வாய்க்குள்ளேயே வளைந்து வளர்கிறது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று யாரும் சாதிக்க வேண்டியதில்லை. ஒரு காலை மடக்கிக்கொண்டு முயலே நிரூபித்துவிடும். சத்தமும் போடாது. அயலவருக்கு நிம்மதி.

இரக்கப்பட்ட யாரோ தூக்கிக்கொண்டு ஓடினால் பேராதனை பக்கத்தில்தான். பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடமே இருக்கிறது. நீதி கேட்கத்தான் 1907ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் அந்த வருடத்தது. அதில் எழுதிய உச்ச அபராதம் 100 ரூபாய். (மூன்று மாதச் சிறையும் எழுதியிருக்கிறது, பாவம்.) அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றைக்கு ஒரு பிளேன்டீ, ஒரு வடை, அவ்வளவுதான்.

2006இல் சட்ட ஆணைக்குழு புதிய சட்டமூலம் வரைந்து கொடுத்தது. நன்றாக வளர்த்த முயல் பத்து வருடம் இருந்தாலே பெரிது. அந்த வருடம் பிறந்த குட்டிகள் சட்டமூலம் கமிட்டிகளைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தன.

கூட்டுக்காரர் பொலிஸில் என்ன சொல்வார் என்பதும் தெரிந்ததுதான்: “சேர், அது ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லையே!”